உயிர் காலேஜ்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



"வேலைவாய்ப்பு" என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார். இத்தலைப்பில் பேசுவோர் ஆசிரியர் பணி, காவல் துறை, வங்கி, எழுத்தர் தேர்வு ஆகியவற்றைச் சொல்லி முடிப்பது வழக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் நானும் அவற்றையே சொன்னேன். இன்று நான் உயிரியல் பூங்காவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். பின்வரிசையில் சில தம்பிமார் சிரிப்பது என் காதில் விழுகின்றது. புலிக்குத் தீனி போடும் வேலைக்கா தலைமையாசிரியர் ஆள் சேர்க்க வந்தார் என்று நினைக்கின்றனர் போலும். சிரித்து முடியுங்கள். அந்தச் சிரிப்பைப் பற்றியே பின்னர் பேச வேண்டியுள்ளது.

நம் பாட்டன்மார் பட்டணத்திற்குச் சென்று வந்தால் இரண்டு இடங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் "செத்த காலேஜ்" என்றும், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் அவர்கள் வழங்கினர். படிப்பறியாத மக்கள் வைத்த பெயர்கள் இவை. எனினும் இவ்விரண்டும் உண்மையில் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், அங்கே உயிருடன் வைத்திருந்த விலங்கைக் காணவே மக்கள் கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்டு, 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாப்பின் விலங்குகளும் அதற்கு வந்து சேர்ந்தன. பின்னர் அது பீப்பிள்ஸ் பார்க்கிற்கு இடம் பெயர்ந்தது. அதுவே 1985இல் வண்டலூர்க் காட்டுப் பகுதிக்குச் சென்று, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்னும் பெயரில், கம்பிக் கூண்டுகளுக்கு மாறாக அகழிகளாலும் திறந்தவெளிகளாலும் அமைந்து, நாட்டின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

காலேஜ் என்று பெயர் வைத்த நம் மக்கள் அங்கே மாணவராகச் சேர்ந்தனரா? சேர்ந்தனர், ஆனால் துடைப்பத்துடன் சேர்ந்தனர். கூண்டைக் கூட்டுவதும், சாணத்தை அள்ளுவதும், இறைச்சியை வெட்டுவதும், செத்த விலங்கைச் சுமப்பதும் யாருடைய வேலையென இச்சமுதாயம் நெடுங்காலமாக எழுதி வைத்திருந்ததோ, பூங்காவின் உள்ளேயும் அவை அவர்களுக்கே என்று ஆயின. மேசையும் நாற்காலியும் ஏடும் மற்றவர்க்காயின.

ஒரு பராமரிப்பாளரின் காலை எவ்வாறு தொடங்குகின்றது என்பதை முதலில் கூறுகின்றேன். கீப்பர் என்று நாம் அழைக்கும் அவர், நுழைவாயிலில் கிருமிநாசினி கலந்த நீரில் கால் நனைத்து உள்ளே செல்ல வேண்டும். முதலில் எண்ணிக்கை எடுக்க வேண்டும். எத்தனை மான்கள், எத்தனை குரங்குகள், யாவும் உள்ளனவா, புதிதாகக் குட்டி பிறந்துள்ளதா, ஏதேனும் ஒன்று கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் படுத்துள்ளதா எனக் காண வேண்டும். அடுத்து நேற்றைய தீனியில் மிச்சம் எவ்வளவு, சாணம் இறுகியுள்ளதா இளகியுள்ளதா, அதில் புழு உள்ளதா, இரத்தம் உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். புலி, சிங்கம் இருக்கும் இரவுக் கூடத்தில் இரட்டைக் கதவு இருக்கும். விலங்கை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தள்ளி, இடையிலுள்ள கதவை இறக்கிப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அதன் பின்னரே காலியான அறைக்குள் கால் வைக்க வேண்டும். அந்தப் பூட்டை ஒருநாள் மறந்தவருக்கு மறுநாள் என்பது இல்லாமலும் போகலாம். வாரத்தில் ஒருநாள் பெரும்பூனைகளுக்குப் பட்டினி நாள். அன்று அவற்றின் குணம் மாறியிருக்கும். இவை அனைத்தையும் அறிந்தவரே கீப்பர். இதைக் கூலி வேலை என்று கருதுவோர் கருதிக்கொள்ளட்டும். நான் இதை நோய் அறியும் கலையின் முதற்பாடம் என்றே சொல்வேன்.

2021ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வண்டலூரில் சில சிங்கங்கள் உண்ண மறுத்தன, இருமின. பரிசோதனையில் அவற்றுக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரிய வந்தது. ஜூன் 3ஆம் நாள் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அம்மாதத்திலேயே ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. செய்தித்தாள்களில் ஆய்வகங்களின் பெயர்கள் வந்தன, வரவேண்டியவையே. ஆயினும் ஆய்வகத்திற்கு மாதிரி செல்வதற்கு முன், "இன்று இது சரியாகத் தின்னவில்லை" என்று ஒருவர் கண்டிருக்க வேண்டுமல்லவா? எந்த நோயும் முதலில் தென்படுவது தீனித் தொட்டியில்தான்.

இங்கே என் பாட்டனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் மாடு செத்தால் அவருக்கு ஆள் வரும். இரவென்றும் மழையென்றும் பாராமல் போக வேண்டும். அதற்குக் கூலி என்று ஒன்று இல்லை. தோல் மட்டும் உண்டு, அதிலும் பங்கு கேட்போர் உண்டு. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சப்பை நோய்", "இது தொண்டை அடைப்பான்" என்று அவர் சொல்வார். சில மாடுகளை மட்டும் தொடவே மாட்டார். மூக்கிலும் வாயிலும் கறுத்த இரத்தம் உறையாமல் வடிந்திருந்தால், "அடைப்பான், கத்தி வைக்காதே, ஆழக் குழி தோண்டு" என்பார். அடைப்பான் நோயில் இறந்த விலங்கை அறுக்கக் கூடாது என்பது இன்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படும் பாடம். திறந்தால் அதன் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். என் பாட்டனாருக்குக் கிருமியைத் தெரியாது. கிருமி என்ன செய்யும் என்பது தெரியும்.

இதைச் சொல்வதனால் அந்தத் தொழிலை நான் போற்றுகின்றேன் என எவரும் எண்ண வேண்டாம். அது அவர் தேர்ந்த தொழிலன்று. அவர்மேல் சுமத்தப்பட்ட இழிவு. செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்துங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் கூறியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. என் தந்தையார் அதை நிறுத்தினார்; அதற்காக ஊரில் அடியும் பட்டார். நான் சொல்ல வருவது வேறு. சுமையை இறக்கியபோது, அதனோடு ஒட்டியிருந்த அறிவையும் நாம் வெட்கப்பட்டு எறிந்துவிட்டோம். கல்லூரி விடுதியில் என் பாட்டனார் என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டபோது, "விவசாயம்" என்று நான் பொய் சொன்னேன். பிணப்பரிசோதனை செய்தார் என்று சொல்லும் துணிவும் சொல்லும் எனக்கு அன்று இல்லை. சற்று முன் இங்கே சிரித்த தம்பிமாரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அதே வயிற்றை அதே முறையில் திறப்பவர் இன்று கால்நடை மருத்துவர். திறந்தபின் அவர் ஓர் அறிக்கை எழுதிக் கையொப்பம் இடுகின்றார். உயிரியல் பூங்காவில் ஒரு விலங்கு இறந்தால் பிணப்பரிசோதனை அறிக்கை இன்றிக் கணக்கு முடிவதில்லை. என் பாட்டனாருக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஐந்தரை ஆண்டுப் படிப்பு ஒரு பாதி. அந்தக் கையொப்பம் மறுபாதி.

இனி, கீழ்ப்படியில் தொடங்கி மேற்படியை அடைந்த ஒருவரைப் பற்றிக் கூறுகின்றேன். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலை 1876இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் பயின்று, கண்பார்வை குன்றியதால் படிப்பைப் பாதியில் விட்ட ராம் பிரம்ம சன்யால் என்னும் இளைஞர், தம் பேராசிரியரான ஜார்ஜ் கிங் என்பாரின் உதவியால் அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் சிறிய வேலை ஒன்றில் சேர்ந்தார். அவர் செய்த பெருஞ்செயல் யாது? நாள்தோறும் எழுதினார். எந்த விலங்கு எதைத் தின்றது, எதை ஒதுக்கியது, எப்போது இணை சேர்ந்தது, எந்த மருந்துக்கு என்ன ஆயிற்று என்று விடாமல் குறித்தார். அச்சிறு வேலையிலிருந்து அப்பூங்காவின் கண்காணிப்பாளராக உயர்ந்தார். 1889இல் சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று அங்கே கன்று ஈன்றது. அவ்வினத்தில் அடைப்பில் வைத்த விலங்கு அடுத்த கன்றை ஈன்று வளர்த்தது 2001இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில். 1892இல் சன்யால் தம் குறிப்புகளைத் திரட்டி, அடைப்பில் உள்ள விலங்குகளின் பராமரிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேட்டை வெளியிட்டார். உலகெங்கும் உள்ள விலங்கியலார் அதை மதித்தனர். லண்டன் விலங்கியல் கழகம் அவரைத் தன் உறுப்பினர்களுள் ஒருவராக ஏற்றது.

அவர் நம்மைப் போன்ற குடியில் பிறந்தவர் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர்ந்த வகுப்பில் பிறந்தவர், ஆங்கிலம் அறிந்தவர், பேராசிரியரின் பரிந்துரை பெற்றவர். துடைப்பம் பிடித்த கையைப் பேனா பிடிக்க விடாத உலகில், அவர் கையில் முதலிலிருந்தே பேனா இருந்தது. ஆகவே "அவர் உயர்ந்தார், நீயும் உயர்வாய்" என்று நான் எளிதில் சொல்லிவிட மாட்டேன்.

மேல்நாடுகளில் இந்தப் படிக்கட்டு ஓரளவு ஒழுங்காகவே கட்டப்பட்டிருக்கின்றது. பராமரிப்பாளர், முதுநிலைப் பராமரிப்பாளர், தலைமைப் பராமரிப்பாளர், துணைக் காப்பாட்சியர், காப்பாட்சியர் என ஏறிச் செல்வோர் அங்கு உண்டு. காப்பாட்சியர் என்பவரைத்தான் க்யூரேட்டர் என்கின்றனர். எந்த விலங்கை வளர்ப்பது, எதை எதனோடு இணை சேர்ப்பது, எதை வேறு பூங்காவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காவில் 1926இல் பாதை கூட்டும் வேலைக்குச் சேர்ந்த மார்லின் பெர்க்கின்ஸ் என்பவர், விரைவிலேயே பாம்புகள் பிரிவின் பொறுப்பைப் பெற்று, பின்னாளில் அதே பூங்காவுக்கே இயக்குநராகத் திரும்பி வந்தார். தாய்மார்கள் கேட்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. சான் டியேகோ பூங்காவில் 1925இல் கணக்கு எழுத வந்த பெல் பெஞ்ச்லி என்னும் அம்மையார், இரண்டே ஆண்டுகளில் நிர்வாகப் பொறுப்பை ஏற்று, 1953 வரை அப்பூங்காவை நடத்தி உலகப் புகழ் பெறச் செய்தார்.

நம் நாட்டிலோ இந்தப் படிக்கட்டு நடுவில் உடைந்து கிடக்கின்றது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தமக்கையின் மகன் வாழ்வைக் கண்டு சொல்கின்றேன்.

அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினான். மறுமுறை எழுதட்டும் என்று என் தமக்கை கேட்டார். நான் அப்போது புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியன். ஊருக்கெல்லாம் படிப்பைப் போதித்தவன். ஆயினும் வீட்டு வறுமையைப் பார்த்து, "கிடைத்த வேலையில் சேரட்டும், அக்கா" என்றேன். ஒரு மிருகக்காட்சி சாலையில் தினக்கூலியாகச் சேர்ந்தான். அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு கிழட்டுக் கரடி இருந்தது. அது சில நாட்களாகத் தீனியை ஒரு பக்கமாகவே மென்று, கெட்டியானவற்றை ஒதுக்குவதை இவன் கண்டான். பல்லில் ஏதோ கோளாறு என்று தன் மேலாளரிடம் சொன்னான். "உன் வேலை கூட்டுவது" என்பது அவருடைய மறுமொழி. நான்கு நாட்கள் கழித்துக் கரடி தீனியை அறவே நிறுத்தியபோது மருத்துவர் வந்தார். அதை அழுத்துக் கூண்டில் அடைத்து, மயக்கி, வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. அக்குறையை முதலில் கண்டவர் என்று பதிவேட்டில் வேறொருவர் பெயர் எழுதப்பட்டது.

அன்றிரவு அவன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். நான் அவனுக்கு நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாள், நேரம், விலங்கு, கண்டது, யாரிடம் சொன்னது என்று ஐந்து பத்திகள் கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் எழுதத் தொடங்கினான். எழுத்துப் பிழைகள் மலிந்த தமிழ்தான். ஆயினும் இரண்டு ஆண்டுகள் கழித்து, புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். தம் சுற்றின்போது முதலில் அவனையே அழைத்துக் கேட்கவும் தொடங்கினார். இதுவரை அவன் நிரப்பியவை பத்தொன்பது நோட்டுகள்.

ஆனால் அவன் உயரவில்லை. நோட்டுப் புத்தகம் மரியாதையைத் தந்தது, பதவியைத் தரவில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவனை எந்த விதியின் கீழ் உயர்த்துவது? அவன் தவறியது கணக்கில். அதில் தேறி, மேல்நிலையில் உயிரியல் எடுத்திருந்தால், அதன்பின் கணக்கே அவன் வழியில் வந்திருக்காது; கால்நடை மருத்துவப் படிப்புக்கு மேல்நிலையில் கணக்குப் பாடம் தேவையில்லை. ஒரேயொரு மறுதேர்வு. நான் "வேண்டாம்" என்று சொன்னேன். இதை இருபதாண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் வைத்திருந்தேன். இன்றுதான் ஒரு மேடையில் சொல்கின்றேன். அவன் இதோ இந்தக் கூடத்தில்தான் அமர்ந்திருக்கின்றான்.

ஆகவே இளைஞர்களே, வழி எங்கே உடைந்துள்ளது, எங்கே செல்லலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். நம் மாநிலத்தில் உயிரியல் பூங்கா பெரும்பாலும் வனத்துறையைச் சார்ந்தது. வண்டலூரின் இயக்குநர் இந்திய வனப்பணி அதிகாரி ஆவார். அப்பணிக்கான தேர்வை மத்திய தேர்வாணையம் நடத்துகின்றது. விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் போன்றவற்றில் பட்டம் பெற்றவர் மட்டுமே அதை எழுதலாம். என்னைப் போன்ற பி.ஏ. பட்டதாரிக்கு அந்தக் கதவு திறவாது. மாவட்ட ஆட்சித் தலைவர் ஆவதற்கு எந்தப் பட்டமும் போதும், காட்டு அதிகாரி ஆவதற்கு அறிவியல் வேண்டும் என்பது நம் பிள்ளைகள் பலருக்கு இறுதியாண்டில்தான் தெரிய வருகின்றது. அட்டவணை வகுப்பினர்க்கு வயது வரம்பில் ஐந்தாண்டுச் சலுகை உண்டு; அவ்வயது முடியும் வரை எத்தனை முறையும் எழுதலாம். இதே துறையில் வனவர், வனச்சரகர் போன்ற இடைநிலைப் பதவிகளும் உள்ளன. அவர்களுள் சிலர் பூங்காவிலும் பணியமர்த்தப்படுகின்றனர்.

என் உள்ளம் மிகுதியும் நாடுவது கால்நடை மருத்துவ வழியையே. சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. 1989 முதல் நமக்கெனத் தனிக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் உள்ளது. மாநில இடங்களுக்கான சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டே நடைபெற்று வருகின்றது. பதினெட்டு விழுக்காடு அட்டவணை வகுப்பினர்க்கு. அதனுள் மூன்று விழுக்காடு 2009 முதல் அருந்ததியர்க்கு. ஒரு விழுக்காடு பழங்குடியினர்க்கு. இவற்றோடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் இப்படிப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதைக் குறைவாக எண்ணும் பெற்றோர் இந்த ஒரு செய்தியையாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, ஆராய்ச்சி வழி. இளங்கலையில் விலங்கியல், முதுகலையில் வனவிலங்கு உயிரியல். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசு கலைக் கல்லூரியிலும் இத்துறை உள்ளது. டேராடூனில் 1982இல் நிறுவப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம் தேர்ந்தெடுத்த சிலருக்கு முதுகலைப் பயிற்சி அளிக்கின்றது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஏற்பட்ட பின்னர், அதன் அங்கீகாரம் இன்றி எந்தப் பூங்காவும் இயங்க முடியாது. விலங்குகளின் பிறப்பு, இறப்பு, வரவு, அனுப்பியது ஆகிய அனைத்துக்கும் அது கணக்குக் கேட்கின்றது. காப்பாட்சியர், மருத்துவர், உயிரியலாளர், கல்வி அலுவலர் என்று படித்தவர் பூங்காவுக்குத் தேவைப்படுவது இதனால்தான். வண்டலூரில் சிங்கவால் குரங்கை இனப்பெருக்கம் செய்விக்கும் திட்டம் உள்ளது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு அது. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தந்தை என்று தலைமுறை தலைமுறையாக ஏடு வைக்காவிட்டால், நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து அடைப்பிலுள்ள இனம் நலிந்துவிடும். குரங்குக்கும் வம்சாவளி ஏடு எழுதுகின்றார்கள். நம் பாட்டன்மார் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்று நான் சில வேளைகளில் நினைத்துக்கொள்வதுண்டு. அது கிடக்கட்டும்.

தம்பிமார் சிலர், "ஐயா, நாங்கள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டோம், கீப்பர் வேலையாவது வாங்கித் தாருங்கள்" என்று என்னிடம் வருவதுண்டு. அந்த வேலையை நான் தாழ்வாகக் கருதவில்லை என்பதை இவ்வளவு நேரம் பேசியதால் அறிவீர்கள். ஆயினும் ஒப்பந்தக்காரரின் கீழ்ச் சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். சம்பளச் சீட்டு தருவார்களா? வைப்பு நிதி பிடிக்கின்றார்களா? விலங்கு தாக்கினால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யாருடையது? இவற்றுக்கு எழுத்தில் விடை தராதவரிடம் உங்கள் கையையும் காலையும் ஒப்படைக்காதீர்கள். சேர்ந்த பின்னர் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற விரும்பினால் நன்றே. ஆயினும் மருத்துவராகவோ வன அதிகாரியாகவோ ஆக்கும் படிப்பா அது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு கூண்டுக்கே திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு யாரும் முன்னரே சொல்லவில்லை.

கையறிவு மட்டுமே கொண்டு உலகின் மதிப்பைப் பெற்றவரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகின்றது. பாம்பைக் கொன்று தோல் விற்ற மக்கள், தோல் வணிகத்துக்குத் தடை வந்தபின் பிழைப்பின்றி நின்றனர். அதே மக்கள் இன்று பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து, மருந்துக்கு வழங்கி, பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ளோர் கண்ணில் படாத மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்கள் தனித்தனியே கூலிக்கு நிற்கவில்லை, சங்கமாக நின்றார்கள் என்பதை இச்சங்கத்தின் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுகின்றேன். எனினும் அந்த இருளர் பிள்ளைகளுள் ஒருவர் அவ்வளாகத்திலேயே ஆராய்ச்சியாளராக அமரும் நாளையும் காண வேண்டும் என்பதே என் அவா.

என் தமக்கை மகனைப் பற்றிய செய்தியை முடிக்கவில்லை. அவனுடைய மகள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படித்தாள். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற பேச்சு வந்தபோது, வணிகவியல் எளிது என்று பள்ளியில் சிலர் சொன்னார்கள். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவன்தான் பேசினான்: "மாமா, அவள் பத்து வயதிலிருந்து என் நோட்டைப் படித்து வருகின்றாள். உயிரியலில் போடுங்கள்." இன்று அவள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கின்றாள். சென்ற பொங்கல் விடுமுறையில் அந்தப் பத்தொன்பது நோட்டுகளையும் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு, தந்தையின் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே பாடநூலில் உள்ள நோயின் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொண்டிருந்தாள். சில இடங்களில் கேள்விக்குறி இட்டிருந்தாள். "இது என் புத்தகத்தில் இல்லை, தாத்தா. பேராசிரியரைக் கேட்க வேண்டும்" என்றாள்.

செயலாளர் மணியைப் பார்க்கின்றார். ஒரே ஓர் அறிவிப்பு. பதினோராம் வகுப்பில் சேர இருக்கும் பிள்ளைகளை இச்சங்கத்தின் செலவில் வண்டலூருக்கு அழைத்துச் செல்வதென ஆட்சிக்குழு இசைந்துள்ளது. செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை. ஆதலால் புதன்கிழமை புறப்படுகின்றோம். காலை ஐந்தரை மணிக்குச் சங்கக் கட்டடத்தின் வாயிலில் பேருந்து நிற்கும். பெண் பிள்ளைகளுடன் ஆசிரியை ஒருவர் வருவார். என் தமக்கை மகனும் உடன் வருகின்றான். எந்த விலங்கை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதை அவன் சொல்லித் தருவான். மதிப்பெண் சான்றிதழின் நகலையும் சாதிச் சான்றிதழின் நகலையும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள். புதன்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் நூறு பக்க நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் கொண்டு வர வேண்டும்.